‘ரீஸ்டோர் செய்த’ க்வாட் 33 வாங்கி ஏமாந்தேன்: பழைய ப்ரீஆம்ப் தேடுகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் பழைய ஸ்டீரியோ பெட்டி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 32,000 ரூபாய் கொடுத்து ஒரு க்வாட் 33 ப்ரீஆம்ப் (ரெக்கார்டு, போன் போன்றவற்றின் சிக்னலை வாங்கிச் சரிப்படுத்தி பவர் ஆம்புக்கு அனுப்பும் பெட்டி) வாங்கினேன். ரீஸ்டோர் செய்தது, அதாவது பழுது நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெளியே இருக்கும் தகரமும் பொத்தான்களும் மட்டும்தான் க்வாட். உள்ளே இருந்தது வேறு.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளாவுக்குள் இருந்தாலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். அப்பா நெல்லியாம்பதியில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதினவர். அங்கே மேனேஜர் பங்களாவில்தான் சின்ன வயசில் இந்தப் பெட்டியை முதன்முதலாகப் பார்த்தேன். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், ஆரஞ்சு நிறப் பொத்தான்கள், கையில் தூக்கிவிடலாம் போல அத்தனை சிறிசு. இங்கிலாந்தில் ஹன்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் நடத்திய கம்பெனி 1967-இல் கொண்டுவந்தது. அதோடு ஜோடியாக, ஸ்பீக்கரைப் பாட வைக்க 303 என்ற பவர் ஆம்ப். அப்பா விட்டுப்போன ரெக்கார்டுகளை அந்தப் பெட்டியில் ஒரு நாளாவது கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் ரொம்ப நாளாகவே இருந்தது.

வீட்டில் ஸ்டீரியோ இல்லாமல் இல்லை. மாமா 1979-இல் குவைத்திலிருந்து கொண்டுவந்த யமாஹா ஆம்ப் இன்னும் நன்றாகப் பாடுகிறது. ப்ரீஆம்ப் பகுதியையும் பவர் ஆம்ப் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள அதன் பின்னால் சாக்கெட் இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து ஒரு ப்ரீஆம்பை மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க முடியும். அந்த எண்ணத்தோடுதான் க்வாட் 33 விளம்பரம் ஒன்றைப் பார்த்துக் கூப்பிட்டேன். ‘முழுக்க ரீஸ்டோர் செய்தது, எல்லா கெப்பாசிட்டரும் புதுசு’ என்று விற்பவர் போட்டிருந்தார். கோயம்புத்தூர் புறநகரில் வீடு, கீழ்த்தளத்தில் சர்வீஸ் பட்டறை. வேலந்தாவளம் வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை யமாஹாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மனிதர் நன்றாகப் பேசினார். காபி கொடுத்தார். ‘ஏனுங்க, ரெண்டையும் நீங்களே கேட்டுப் பாத்துச் சொல்லுங்க’ என்றார். தன் போனிலிருந்து பாட்டுப் போட்டு, முதலில் யமாஹாவின் சொந்த ப்ரீஆம்ப் வழியாக, அப்புறம் க்வாட் வழியாகக் கேட்க வைத்தார். க்வாட் பளிச்சென்று இருந்தது. குரல் முன்னால் வந்து நின்றது. ‘கண்ணாடியத் தொடச்ச மாதிரி இருக்குதுங்களா?’ என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அங்கே நடந்தது என்ன என்று பின்னால்தான் புரிந்தது. க்வாடின் சத்தத்தை அவர் சற்றே கூட்டி வைத்திருந்தார். இரண்டு பெட்டிகளில் ஒன்று கொஞ்சம் சத்தமாகப் பாடினால், நம் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். வோல்டேஜ் கணக்கில் அது வெறும் 12 சதவீதம். அதனால் ஒப்பிடும்போது காதை நம்பி வால்யூமைத் திருகாதீர்கள். போனில் 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவு வரும்படி வால்யூமை நிறுத்துங்கள். ஒன்றில் 1.00 வோல்ட் என்றால் மற்றதிலும் 1.00 வரவேண்டும். 1.01 வந்தால் பரவாயில்லை, 1.10 வந்தால் அந்த ஒப்பீடு செல்லாது. பத்து நிமிட வேலை. நான் அன்றைக்கு மீட்டரை எடுத்துப் போகவே இல்லை.

ரெக்கார்டு போட்டுக் காட்டச் சொன்னேன். டர்ன்டேபிள் பெல்ட் அறுந்துவிட்டது என்றார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ப்ரீஆம்பில் சோதிக்க வேண்டிய முதல் இடமே ரெக்கார்டு சாக்கெட்தான். போன், சிடி எதுவானாலும் ஏற்கெனவே வலுவான சிக்னல், எந்த சர்க்யூட் போர்டும் அதைப் பாட வைத்துவிடும். ரெக்கார்டு ஊசியிலிருந்து வருவது நாலைந்து மில்லிவோல்ட்தான். அதை நூறு மடங்கு பெருக்க வேண்டும், கூடவே சமன்படுத்தவும் வேண்டும். ரெக்கார்டு வெட்டும்போது அடி ஒலிகளைக் குறைத்து, மேல் ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் மிருதங்கத்தின் ஒரு அடிக்கே பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். கேட்கும்போது ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் கூட்ட வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு குறைக்க வேண்டும். ஆர்ஐஏஏ என்று சொல்வது இதைத்தான். 1954-லிருந்து இதுதான் பொது அளவு.

வீட்டுக்கு வந்து முதலில் போட்டது எம்.டி. ராமநாதன் ரெக்கார்டு. கர்நாடக சங்கீதப் பாடகர், எங்கள் பாலக்காட்டு மஞ்சப்பரைக்காரர். அவர் குரல் எவ்வளவு கீழே இறங்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். மந்தர ஸ்தாயியில் நின்றால் தரை அதிரும். அன்றைக்கு யாரோ தொண்டை கட்டினவர் தகரக் குழாய்க்குள் பாடுவது போல இருந்தது. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்டது, இடந்தலையைக் காணோம். மேலே முழுக்க இரைச்சல். ஊசியை மாற்றினேன், வயரை மாற்றினேன். யமாஹாவில் நேராக மாட்டினால் ராமநாதன் திரும்பி வந்தார். க்வாடில் மாட்டினால் போய்விட்டார்.

அப்போதுதான் அந்த ஃபில்டர் பொத்தான்களைக் கவனித்தேன். க்வாட் 33-இல் 5k, 7k, 10k என்று மூன்று பொத்தான் உண்டு. பழைய ரெக்கார்டின் கீறல் சத்தத்தை அடக்குவதற்காக வைத்தவை. ஃபில்டரின் ஸ்லோப் குமிழைக் கூட்டி வைத்து 5k-யை அழுத்தினால் மேல் ஒலி அப்படியே மங்க வேண்டும், காது கேளாதவருக்குக்கூடத் தெரியும். அப்படியே வைத்து அழுத்தினேன். ‘டக்’ என்று உள்ளே போனது, ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. 7k, 10k, கேன்சல் எதை அழுத்தினாலும் அதே கதை. பின்பக்கம் ரெக்கார்டு ஊசிக்கு ஏற்றபடி திருப்பித் திருப்பிச் செருகுவதற்கு ஒரு சின்ன போர்டு இருக்கும். அதையும் முழுக்க உருவி எடுத்துப் பார்த்தேன். பாட்டு பாடிக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்து மகள் சொன்னாள்: ‘அப்பா, இந்தப் பெட்டி கிள்ளுது.’ டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. உடனே பிளக்கைப் பிடுங்கினேன்.

பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு வயசான ரேடியோ மெக்கானிக் இருக்கிறார். வால்வு ரேடியோ காலத்து ஆள், கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்த்துக் கொடுப்பார். அவரிடம் கொண்டுபோனேன். மூடியில் ஸ்குரு மேல் ‘வாரண்டி’ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ‘கிழிக்கட்டே மோனே?’ என்று கேட்டுவிட்டுக் கிழித்தார். மூடி திறந்ததும் சிறிது நேரம் பேசவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

செருகி எடுக்கும் அசல் போர்டுகள் ஒன்றுகூட இல்லை. இருந்த இடத்தில் காலி சாக்கெட்டுகள். நடுவில் கடைத்தெருவில் கிடைக்கும் 4558 என்ற ஐசி போட்ட ஒரு பாஸ்–ட்ரெபிள் போர்டு, க்ளூ கன் பசையில் ஒட்டி வைத்திருந்தது. டிரான்ஸ்பார்மரும் அசல் இல்லை, சின்ன 12-0-12 ஒன்று, பிளாஸ்டிக் டையால் கட்டித் தொங்கியது. மெயின்ஸ் வயர் இரண்டு கம்பி மட்டும், எர்த் கிடையாது. இணைப்பில் சுற்றியிருந்த டேப் வெயிலில் இளகி நழுவிக்கொண்டிருந்தது. பெட்டிக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ‘இது டிரான்ஸ்பார்மர் கசிவு மோனே, அதான் கிள்ளலோட நின்னுச்சு. அந்த டேப் இன்னும் ரெண்டு விரக்கடை நகந்திருந்தா முழு 230-உம் தகரத்துல வந்திருக்கும்’ என்றார். மகளின் கை ஞாபகம் வந்து எனக்கு உடம்பே சில்லிட்டது.

4558 ஐசியை நான் குறை சொல்லவில்லை. ஒழுங்காக ஆர்ஐஏஏ சமன்படுத்தும் சர்க்யூட் போட்டால் அதுவும் ரெக்கார்டை மரியாதையாகப் பாடும். இதில் அது போடவே இல்லை. ஊசி சிக்னலை எல்லா ஒலிக்கும் ஒரே அளவாகப் பெருக்கி அனுப்பியிருந்தது. அதனால்தான் ராமநாதனுக்கு அடிக்குரல் போய்விட்டது. அசல் போர்டுகளைத் தனியாக விற்றிருப்பார்கள் என்பது மெக்கானிக்கின் கணிப்பு.

உண்மையான ரீஸ்டோர் வேலை எப்படி இருக்கும் என்று தன் அலமாரியிலிருந்து ஒரு ஜப்பான் ப்ரீஆம்பை எடுத்துக் காட்டினார். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் ஐம்பது வருஷத்தில் காய்ந்துவிடும், அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் 25 வோல்ட் இருந்த இடத்தில் 16 வோல்ட் போடக்கூடாது. சமன்படுத்தும் பகுதியில் ஃபிலிம் கெப்பாசிட்டர் இருந்தால் அதை எடுத்துவிட்டு மலிவான செராமிக் டிஸ்க் போடக்கூடாது, சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் அதன் மதிப்பு மாறும். நல்ல நிலையில் இருக்கும் எதையும் தொடாமல் விட வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டு உடைமைக்காரரிடம் திருப்பித் தர வேண்டும். அவர் ஒவ்வொரு வேலைக்கும் அப்படி ஒரு கவர் கட்டி வைத்திருக்கிறார், மேலே மலையாளத்தில் தேதி. என் பெட்டியோடு அப்படி ஒரு கவரும் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில் ‘பாக்கலாங்க’ என்றார். ஸ்டிக்கர் கிழிந்ததைச் சொன்னதும் குரல் மாறியது. ‘சீல் ஒடச்சிட்டீங்க, இனி நான் பொறுப்பில்லை.’ அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஐயாயிரம் மட்டும் யுபிஐ-யில் அனுப்பியிருந்தேன், மீதி ரொக்கம். பில் இல்லை. ஆனால் விளம்பரத்தின் படமும், ‘முழுக்க ரீஸ்டோர் செய்தது’ என்று அவரே அனுப்பிய செய்தியும் என் போனில் இருக்கின்றன.

எல்லை தாண்டி வாங்கியதால் வழக்குக்கு அங்கேதான் அலைய வேண்டும் என்று பலர் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். நான் பாலக்காட்டில் கொடுத்திருக்கிறேன், இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், போன வாரம் பார்த்த ஒரு விளம்பரம். இந்தத் தடவை லக்ஸ்மன் என்ற ஜப்பான் கம்பெனியின் பெட்டி. அதே பச்சைப் பூப்போட்ட மேஜை விரிப்பு, அதே ஸ்குரு மேல் அதே வெள்ளை ஸ்டிக்கர், அதே வாசகம். யாராவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் கையில் ஒரு ரெக்கார்டும் டெஸ்டரும் எடுத்துப் போங்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். ராமநாதன் ரெக்கார்டை நானே கொண்டுவருகிறேன்.