ஆறு நிமிடத்தில் வந்த ஸ்பகெட்டி

போன ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பகெட்டி குழைந்துதான் வந்தது. ஆர்டர் கொடுத்தபோது மணி 7.42. தட்டு மேசைக்கு வந்தபோது 7.48. காய்ந்த ஸ்பகெட்டி பாக்கெட் ஒன்றை எடுத்துப் பாருங்கள், வேகும் நேரத்தை ஒன்பது நிமிடம், பத்து நிமிடம் என்று அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஆறு நிமிடத்துக்குள் அது வெந்து, பூண்டு வதங்கி, இரண்டும் கலந்து என் முன்னால் வருவதற்கு வழியே இல்லை. காலையில் வேகவைத்து எடுத்து வைத்ததைத்தான் சூடு காட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏழு வருடமாக அந்தக் கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் கல்லூரித் தோழி. கோவையிலிருந்து மாற்றலாகி சேலத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. "பாப்பாவுக்குப் பன்னெண்டாவது பொறந்தநாள் வருதுடி. இத்தாலியன்தான் வேணுங்கறா. இங்க எந்தக் கடை நல்லா இருக்கும்? நாங்க சைவம், அதையும் பாத்துச் சொல்லு" என்றாள். தட்டுவடை செட் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். இதற்கு, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். போய்ப் பார்த்ததுதான் மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நகரத்துக்குள் இருக்கிறது, ஏழு வருடமாக மாதம் ஒருமுறையாவது போகிறேன், அது போதும். உள்ளே உழைப்பவர்கள் பலர் எனக்குத் தெரிந்தவர்கள்.

முதலில் பீட்சாவைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கோபத்தில் அதை மறந்துவிடக் கூடாது. சேலத்தில் நான் சாப்பிட்டதிலேயே நல்ல பீட்சா அந்தக் கடையில்தான். மாவை முதல் நாளே பிசைந்து புளிக்க விடுகிறார்கள். விறகு அடுப்பு. ஓரம் உப்பி, அங்கங்கே கருகல் புள்ளி விழுந்து, கையில் எடுத்தால் நடுப்பகுதி தொங்கும். தக்காளி விழுதில் சர்க்கரை இல்லை. நேப்பிள்ஸ் நகரத்து முறைப்படி என்றால் அடுப்பு 430 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெளியே வந்துவிட வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் 1984-இல் ஒரு சங்கமே வைத்து இதையெல்லாம் வரையறுத்திருக்கிறார்கள். 2017-இல் யுனெஸ்கோவும் நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் கடை அடுப்பு அந்தச் சூட்டுக்குப் போவதில்லை, மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

பீட்சா போடுகிற அண்ணன் முன்பு பரோட்டா மாஸ்டராக இருந்தவர். மைதா எப்போது இளகும், எப்போது முரண்டு பிடிக்கும், எவ்வளவு நேரம் ஈரத்துணிக்கு அடியில் உறங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் விரலுக்கே தெரியும். வீச்சு பரோட்டா வீசிப் பழகிய கைக்கு பீட்சா மாவை விரிப்பது புது வேலையாக இருந்திருக்காது. ஒருநாள் கேட்டேன். "மைதா மைதாதானுங்க அக்கா. இதுல ஈஸ்ட் இருக்கறதால கொஞ்சம் பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அதே சமையலறையில் பாஸ்தா ஏன் இப்படி ஆகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். எனக்குப் பட்ட காரணம் இது: பாஸ்தா அடுப்பில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் ஃபாஸ்ட்ஃபுட் கடைகளிலிருந்து வந்தவர்கள். அங்கே நூடுல்ஸை மதியமே வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவி, அகலத் தட்டில் கொட்டி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் கூட்டம் வந்தால் அள்ளி வாணலியில் போட்டு இரண்டு புரட்டு. நூடுல்ஸுக்கு அது சரி. அந்தப் பழக்கம் அப்படியே பாஸ்தாவுக்கு வந்துவிட்டது.

பாஸ்தா அந்த நடத்தையைத் தாங்காது. அது டூரம் என்ற கெட்டியான கோதுமை ரவையில் செய்வது. இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். கடித்தால் நடுவில் மெல்லிய எதிர்ப்பு இருக்க வேண்டும், அதைத்தான் 'அல் தெந்தே' என்கிறார்கள், 'பல்லுக்கு' என்று அர்த்தம். நமக்கு இது புதிதா என்ன? பதம் என்று நாம் சொல்வதுதானே! சாதம் குழைந்துவிட்டால் மாமியார் முகம் பார்க்க முடியாத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். சந்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவியில் வெந்ததும் சூட்டோடு சூடாகப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி அப்போதே சாப்பிட வேண்டும். காலையில் பிழிந்ததை ராத்திரி எடுத்து வைத்தால் எந்தச் சேலத்துக்காரர் வாங்குவார்? பாஸ்தாவுக்கு மட்டும் ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறோம்?

அலசுவதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவுச்சத்து இறங்கியிருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து வாணலியில் விட்டால்தான் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து இழையில் ஒட்டும். அலசி எண்ணெய் தடவியதன் மேல் எதுவும் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு தட்டுக்கு அடியில் போய் நிற்கும். ஒட்டாததை ஒட்டவைக்க கிரீம் ஊற்றுகிறார்கள், சீஸ் போடுகிறார்கள், ஸ்வீட்கார்ன் தூவுகிறார்கள். வெள்ளை சாஸ், பிங்க் சாஸ் என்று நம் ஊர் மெனுவில் நிரம்பி வழிவதற்கு ருசி பாதிக் காரணம் என்றால், பழைய பாஸ்தாவை மூடி மறைக்கிற வசதி மீதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் 'அல்யோ எ ஓல்யோ' ஸ்பகெட்டி கேட்பேன். பூண்டு, ஆலிவ் எண்ணெய், வரமிளகாய், கொஞ்சம் பார்ஸ்லி, அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடமில்லாத பண்டம். ரசத்தை வைத்துச் சமையல்காரரைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

இந்த ஏழு வருடத்தில் அது அந்தக் கடையில் சரியாக வந்தது நான்கு முறை. நான்கும் வார நாள், நான்கும் மதியம் மூன்று மணிக்கு மேல். மேசைகள் காலியாக இருந்தன. உள்ளே ஒரே ஒரு தம்பி. "புதுசா வேகவெச்சுத் தரட்டுங்களா அக்கா, இருபது நிமிஷம் ஆகும்" என்று அவனே கேட்டான். அன்று வந்த தட்டை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது. பூண்டு பொன்னிறம் தாண்டவில்லை, ஒவ்வொரு இழையும் மினுமினுத்தது, தட்டின் அடியில் எண்ணெய் தேங்கவில்லை. அவர்களுக்குச் செய்யத் தெரியும். தெரிந்தும் செய்யாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னும் சில நல்லது கெட்டது. நடுவில் ஒரு வருடம் பீட்சா சீஸ் மாறியது. சூடு ஆறியதும் ரப்பர் மாதிரி இழுத்தது, மேலண்ணத்தில் எண்ணெய்ப் படலம் ஒட்டியது. கேட்டபோது விலை ஏறியதால் தாவர எண்ணெய் கலந்த மலிவு ரகத்தைச் சேர்த்துப் பார்த்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள், அடுத்த மாதமே பழைய மொசரெல்லாவுக்குத் திரும்பினார்கள். எத்தனை கடை இப்படிச் செய்யும்? இனிப்புக்குத் திராமிசு வேண்டாம், கிரீம் கேக் மாதிரி இருக்கும். சூப்பும் தவிர்த்துவிடலாம்.

துளசி வகையில் பேசில் என்று அவர்கள் தேடி அலைவதைப் பார்த்து, எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஒரு கட்டு திருநீற்றுப்பச்சிலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் பேசில் இனம்தான். ரோஸ்மில்க்கில் போடுகிற சப்ஜா விதை அந்தச் செடியின் விதைதான். நம் நாட்டு இலைக்கு சோம்பு வாசனை சற்றுத் தூக்கல், ஆனால் காய்ந்த பொடியைவிட நூறு மடங்கு மேல். அடுத்த முறை போனபோது வாசலில் ஆறு தொட்டி வரிசையாக நின்றது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

தோழி சைவம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக முட்டை இருக்காது, கவலை இல்லை. ஆனால் அசல் பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். குறைந்தது 12 மாதம் பக்குவப்படுத்தி விற்கும் அந்தச் சீஸ் சைவம் கிடையாது. நம் ஊரில் பல கடைகளில் வைத்திருப்பது பச்சைப் புள்ளி போட்ட உள்நாட்டு ரகம். எதுவாக இருந்தாலும் பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கடையில் கேட்டதும் காட்டினார்கள்.

இனி ஏற்காடு.

அங்கே ஏரியைத் தாண்டி, காபித் தோட்டத்தை ஒட்டி, ஐந்து மேசை மட்டும் உள்ள ஓர் இடத்துக்கு இரண்டு வருடமாகப் போகிறோம். பீட்சா கிடையாது. மெனு கையெழுத்தில் ஒரே பக்கம், நான்கு பாஸ்தா, ஒரு சாலட், ஓர் இனிப்பு. முதல் தடவை போனபோது முப்பத்தைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டார்கள். மகன் பசியில் சிணுங்க ஆரம்பித்துவிட்டான். எழுந்துபோய்க் கேட்டேன். சமைக்கிற அம்மா கரண்டியால் பானையைக் காட்டிச் சொன்னார்: "மலை மேலங்க கண்ணு. தண்ணி சீக்கிரமே தளதளன்னு கொதிச்சுரும், ஆனா வேகறதுக்கு நேரமாகும். அரிசிக்கே அப்படித்தான்."

உண்மைதான். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு அங்கே செல்லாது. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார், இன்னொன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார், வடிக்கிறார். ரோமாபுரிக்காரர்களின் 'காச்சோ எ பெப்பே', சீஸும் மிளகும் மட்டும் போட்டது. அதற்கு வேண்டிய செம்மறியாட்டுப்பால் சீஸ் அவரிடம் இல்லை, வேறு சீஸ் துருவிப் போடுகிறார். ஆனால் மிளகு அந்த மலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் காய்த்தது, அப்போதே இடித்தது. தட்டு வந்ததும் அதன் காரம் மூக்கில் ஏறியது. சிணுங்கிய பையன் இரண்டாவது தட்டு கேட்டான்.

குறை இல்லாமல் இல்லை. கீழிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரமாவது ஆகும். சனி, ஞாயிறு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மழைநாளில் பனிமூட்டம் இறங்கினால் ராத்திரி இறங்குவது எனக்குப் பயம். சொல்லாமல் போனால் சாப்பாடு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், எங்களையே இரண்டு முறை அனுப்பியிருக்கிறார்கள். குழந்தைக்குப் பிறந்தநாள், நடுவில் பீட்சா இருந்தால்தான் அழகு என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் எடை போட்டால் நகரத்துக் கடைதான் ஜெயிக்கும். பீட்சா அங்கே, வசதி அங்கே, கேட்டால் திருத்திக்கொள்ளும் குணமும் அங்கே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி வரை அதைத்தான் தோழிக்குச் சொல்வதாக இருந்தேன்.

எட்டு மணிக்கு மேலாளரைக் கூப்பிட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஆறு நிமிடத்தில் வந்ததைச் சொன்னேன், புதிதாக வேகவைத்துத் தர முடியுமா, காத்திருக்கிறேன் என்றேன். "எல்லாரும் சாஃப்டாத்தான் கேக்கறாங்க மேடம். உங்களுக்கு மட்டுந்தான் வேகாத மாதிரி வேணும்" என்றார். வேகாத மாதிரி! ஏழு வருடம் சாப்பிட்டவளிடம், இலை கொண்டுவந்து கொடுத்தவளிடம் சொல்கிற பதிலா அது? பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, 340 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு எழுந்தேன். பீட்சா அண்ணன் உள்ளேயிருந்து பார்த்தார். அவரிடம் மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கள்கிழமை காலை தோழிக்கு போன் செய்தேன். ஏற்காட்டுக்குப் போ என்றேன். பாப்பா பீட்சா கேட்டாளே என்றாள். பீட்சாவை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், இந்தப் பிறந்தநாளுக்குப் பதமான பாஸ்தா சாப்பிடட்டும் என்றேன். முதல் நாளே போன் செய்து எத்தனை பேர் என்று சொல்லிவிடு, கேக்கை நீயே கொண்டுபோ, பத்தரைக்கெல்லாம் அஸ்தம்பட்டியைத் தாண்டிவிடு. அடிவாரத்தில் இன்னொரு தடவை கூப்பிட்டு வந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னால்தான் அந்த அம்மா அடுப்பில் தண்ணீர் ஏற்றுவார்.