குளக்கட்டை வெட்டிய அரசி வில்லியா? டி அன்ட் டி இலவச விதித்தொகுப்பு 5.1: மதிப்பீடு

எதிரிப் படை கீழ்வயலில் பாசறை போட்டிருக்கிறது. குளம் நிரம்பி நிற்கிறது. அரசி குளக்கட்டை வெட்டச் சொல்கிறாள். படை அள்ளுண்டு போகிறது, வயலும் சேர்ந்து போகிறது. இவளை நாயகி என்பதா, வில்லி என்பதா?

பாத்திரமேற்று விளையாடும் கற்பனைக் கதை விளையாட்டுகளில் எந்த மேசையிலும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் (டி அன்ட் டி) அதற்கு ஒன்பது கட்டங்களில் ஒரு விடை வைத்திருக்கிறது: பாத்திரம் நல்லதா கெட்டதா, ஒழுங்கானதா குழப்பமானதா என்று குறிக்கும் கட்டங்கள். அந்த விளையாட்டின் இலவச விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 ஐ எடுத்து, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ தமிழில் விளையாட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். விதிகள் நல்லவை. ஒன்பது கட்டங்கள் மட்டும் நம் அரசிக்குப் போதாது. ஏன் போதாது, எப்படிச் சரிக்கட்டலாம் என்பதற்குத்தான் இந்த மதிப்பீட்டில் கூடிய இடம்.

முதலில் பொருளைப் பற்றி. விளையாட்டு 1974 இல் வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கியது. அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழில் விளையாட விரும்புவோருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பன்னிரண்டு வகுப்புகள் (போர்வீரர், பூசாரி போன்ற பாத்திர வகைகள்) உண்டு, ஆனால் வகுப்புக்கு ஒரேயொரு உட்பிரிவுதான். கதையும் உலகமும் நீங்கள்தான் போட வேண்டும். 2025 இல் 5.2 வந்துவிட்டது. அதுவும் இதே உரிமம். இந்த மதிப்பீடு 5.1 ஐ வைத்தே.

பிடிஎப் 400 பக்கங்களைத் தாண்டும். போனில் வாசித்து விளையாடலாம் என்று நினைக்காதீர்கள், சண்டை நடுவில் பக்கம் தேடியே பொழுது போய்விடும். முழுவதையும் போட்டோகொப்பி எடுக்கவும் வேண்டாம். திறன் சோதனை, சண்டை, நீங்கள் எடுத்த நாலு வகுப்புகள், முதல் இரண்டு நிலை மந்திரங்களில் அந்த வகுப்புகளுக்கு உரியவை: இவ்வளவும் கையில் இருந்தால் முதல் மாதம் ஓடும்.

இருபது பக்க டைஸ் ஊர்க் கடைகளில் கிடைக்காவிட்டால் கடதாசிக் கட்டு போதும். ஆட்டின் ஆஸ் முதல் 10 வரை 1 இலிருந்து 10, இஸ்பேட்டின் ஆஸ் முதல் 10 வரை 11 இலிருந்து 20. இருபது சீட்டையும் கலக்கி ஒன்றை உருவினால் எண் வந்துவிடும். இதில் இரண்டு பிழைகள் வழக்கமாக நடக்கும். உருவிய சீட்டை உடனே திருப்பிப் போட்டுக் கலக்காமல் விடுவது ஒன்று. 12 அல்லது அதற்கு மேல் வேண்டிய சோதனையில் வாய்ப்பு 20 இல் 9, அதாவது 45 விழுக்காடு. முதல் ஐந்து சீட்டும் சின்ன எண்ணாக வந்து வெளியே கிடந்தால் மிச்சம் 15 இல் 9, வாய்ப்பு 60 விழுக்காடாக ஏறிவிடும். மற்றப் பிழை 304 விளையாடிய பழைய கட்டை எடுப்பது. அந்த விளையாட்டில் 2 முதல் 6 வரையான சீட்டுகளுக்கு வேலையில்லை, அவை புதுசாகவே இருக்கும். ஆஸும் 9 உம் 10 உம் முதுகு தேய்ந்திருக்கும். மூன்றாம் சுற்றில் எல்லோரும் முதுகைப் பார்த்தே உருவத் தொடங்கிவிடுவார்கள். ஆறுபக்கத்துக்கு லூடோ டைஸ். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் லூடோ டைஸோடு ஒரு நாணயம்: பன்னிரண்டுக்குத் தலை விழுந்தால் 6 ஐக் கூட்டுங்கள். எட்டுக்கு 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டி, தலை விழுந்தால் 4 ஐக் கூட்டுங்கள்.

இனி ஒன்பது கட்டங்கள். 1974 இல் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்ற மூன்றுதான் இருந்தன. நன்மை, தீமை என்ற அச்சு பின்னால் சேர்ந்தது. 1978 இல் வந்த விளையாடுநர் கைநூலில் ஒன்பதும் நிலைபெற்றன. 5.1 தொகுப்பில் இந்தப் பகுதி ஒரு பக்கம்கூட நிரம்பாது. அந்தச் சுருக்கத்துக்குள் நம் அரசியைத் தேடிப் பாருங்கள். ஒழுங்குத் தீமை என்பது தனக்கு வேண்டியதை ஒரு நெறிக்குள் நின்று திட்டமிட்டு எடுத்துக்கொள்வது. திட்டம் அரசியிடம் உண்டு, ஆனால் அவள் தனக்கு எதையும் எடுக்கவில்லை. நடுநிலை என்பது அறக் கேள்விகளுக்குள் இறங்காமல் அந்த நேரத்துக்குச் சரியெனப் படுவதைச் செய்வது. காரியக்காரப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் மேசைகள் இந்தக் கட்டத்துக்குள்தான் தள்ளுகின்றன. அது தவறு. ஊரைக் காப்பதற்காக ஊரின் வயலையே அழிப்பவள் அறக் கேள்வியின் நடுவில் நிற்கிறாள், ஒதுங்கி நிற்கவில்லை.

சிக்கலின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நன்மையின் மறுமுனைக்கு ‘ஈவில்’ என்ற ஒரே சொல்தான். தமிழில் நமக்கு இரண்டு: மறம், தீமை. மறம் என்றால் வீரம், சினம், இரக்கமற்ற கடுமை. போர்க்களத்தில் அது புகழப்பட்டது, வீட்டு வாசலில் அஞ்சப்பட்டது. தீமை அப்படியல்ல, அதற்குப் புகழ் எங்குமில்லை. ஆங்கிலச் சொல்லை ‘மறம்’ என்று மொழிபெயர்த்தால் வாளெடுத்தவர் எல்லோரும் கெட்டவர் ஆகிவிடுவார்கள். ‘தீமை’ என்று மட்டும் போட்டால் கடுமையை எழுத இடமே இராது. எங்கள் பரிந்துரை: பாத்திரத் தாளில் நன்மை, தீமை அச்சை அப்படியே விடுங்கள், பக்கத்தில் மறம் என்று ஒரு கோடு கீறி 0 முதல் 5 வரை எண்ணிடுங்கள். அரசிக்கு மறம் 5 இருக்கலாம். தீமை இருக்கிறதா என்பது வேறு விசாரணை.

அந்த விசாரணைக்கு வன்னியில் அளவுகோல் தேடி அலைய வேண்டியதில்லை. மதுரையை எரித்தவளுக்குத்தான் வற்றாப்பளையில், நந்திக்கடல் கரையில், வைகாசியில் பொங்குகிறோம். (அம்மனைப் பாத்திரத் தாளில் எழுதி விளையாட வேண்டாம். காப்பியக் கண்ணகி செய்தவற்றின் வரிசையைப் பார்த்தாலே போதும்.) அவள் முதலில் சபைக்குப் போனாள். சான்று காட்டினாள்: தன் சிலம்பில் மாணிக்கம், பாண்டிய அரசியின் சிலம்பில் முத்து. பிழை நிலைநாட்டப்பட்ட பிறகுதான் தீ. அந்தத் தீக்கும் யாரைத் தொடக்கூடாது என்று பட்டியல் கொடுத்தாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள். ஒன்பது கட்டங்களில் இவளுக்கு இடமில்லை. வழக்குரைத்ததைப் பார்த்தால் ஒழுங்கு, நகரை எரித்ததைப் பார்த்தால் குழப்பம், விலக்குப் பட்டியலைப் பார்த்தால் நன்மை, எரிந்த வீடுகளைப் பார்த்தால் அதற்கு நேர் எதிர்.

ஊர் மரபு அவளைக் கட்டத்துக்குள் போடவும் முயலவில்லை. கிழவியாக வந்து மாடு மேய்த்த பிள்ளைகளிடம் பசி என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். எண்ணெய் இல்லையென்றதும் கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னாள், எரிந்தது. மட்டக்களப்புப் பக்கம் அவளுக்கான சடங்குக்குக் குளிர்த்தி என்றே பெயர். மரபு அவளிடம் ‘நீ நல்லவளா’ என்று கேட்காமல் ‘சூடு ஆறிற்றா’ என்று கேட்டது. விதித்தொகுப்பில் இல்லாதது இந்தக் கேள்விதான்.

ஆகவே தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுத இடம் விடச் சொல்கிறோம். வேறு வழியைத் தேடினாளா? யாரை விலக்கினாள்? யார் இழந்தார்கள்? பிறகு அவர்கள் முன்னால் போய் நின்றாளா? முதல் இரண்டு வரியையும் டைஸ் உருட்டும் முன்னரே எழுதிவிட வேண்டும். வெற்றிக்குப் பிறகு எழுதவிட்டால் ‘அவர்களை விலக்கத்தான் நினைத்திருந்தேன்’ என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள்.

குளக்கட்டு வழக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். முதல் வரியிலேயே பல காரியக்கார அரசிகள் விழுந்துவிடுவார்கள். கட்டை வெட்டாமல் துருசை இரண்டு இரவு திறந்து விட்டாலே கீழ்வயல் சேறாகிவிடும். விதிப்படி அது கடின நிலம்: ஒவ்வோர் அடிக்கும் இரண்டு அடி செலவு, ஒரு சுற்றில் 30 அடி நகரும் வீரர் 15 அடிதான் நகர்வார். குதிரையும் வண்டியும் இறுகும். மேட்டில் நிற்கும் வில்லாளிகளுக்கு இரண்டு மடங்கு சுற்றுகள் கிடைக்கும். இவ்வளவும் கட்டுக்கு ஒரு சேதமும் இல்லாமல். இதைக் கணக்குப் பார்க்காமல் கட்டை வெட்டுபவளைக் காரியக்காரி என்று சொல்வது பொருந்தாது. அவள் கணக்குத் தெரியாதவள்.

மாதத்தையும் கேளுங்கள். மேசையில் கதையை நடத்தும் நடத்துநர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். டிசெம்பரில் வெட்டினால் வயலில் நிற்கும் காலபோக நெல் போகும், தேங்கிய நீரும் போகும், அடுத்த சிறுபோகமும் இல்லை. காலபோகம் வெட்டி நெல் வீட்டுக்கு வந்த பிறகென்றால் இழப்பு சிறுபோகத்தோடு நிற்கும். ஒரே செயல், ஆனால் ஊருக்குச் செலவு பாதி. கடைசி வாய்க்கால் வயல்காரருக்கு முன்னறிவித்தல் இரண்டாம் வரியில் வரும். அதைக் கடின எண் (எட்ட வேண்டிய எண்) 15 இல் ஒரு வற்புறுத்தல் சோதனையாக வையுங்கள். உருவிய எண்ணோடு திறன் கூட்டல் 3 ஐச் சேர்ப்பவருக்கு 12 வந்தால் போதும், சரியாக அந்த 45 விழுக்காடுதான். தோற்றால் அவர்கள் நம்பாமல் வயலிலேயே இருந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் நடத்துநர் அவசரப்படாமல் ஒன்று கேட்க வேண்டும்: “பிள்ளை, கடைசி வாய்க்கால்ல ஆக்கள் நிக்கினம். இப்பவும் வெட்டுறியளோ?” விதிநூலின் ஒன்பது கட்டங்களை விட இந்தக் கேள்வி பாத்திரத்தைத் திறந்து காட்டும்.

மந்திரத்தால் வழக்கைத் தீர்க்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். முடியாது. ‘நன்மை தீமை அறிதல்’ மந்திரம் 30 அடிக்குள் தேவகணம், பேய்க்கணம், இறந்தெழுந்தவை முதலான ஆறு வகை உயிர்களைத்தான் காட்டும். மனித அரசி எவ்வளவு கொடியவளானாலும் அதில் தெரியமாட்டாள். 2003 இல் வந்த 3.5 பதிப்பில் அந்த மந்திரம் கட்டத்தையே வாசித்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்களைக் கலந்து படிப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். 5.1 இல் கட்டத்தை நேரடியாக அறியும் வழி மிகக் குறைவு. சின்னஞ்சிறு வனதேவதையான ஸ்பிரைட் ஒருவரைத் தொட்டு, அவர் கவர்ச்சிச் சோதனையில் 10 ஐ எட்டாவிட்டால் அறிந்துகொள்ளும். பெருமந்திரவாதியின் அங்கி நல்லோருக்கு வெள்ளை, நடுநிலையாளருக்குச் சாம்பல், தீயோருக்குக் கறுப்பு. இப்படிச் சில பொருட்கள் தவிர மற்ற இடங்களில் கட்டம் வெறும் குறிப்புத்தான். இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. கட்டத்தைத் தள்ளி வைத்து விளையாடினாலும் எதுவும் உடையாது என்பதற்கு இதுவே உத்தரவாதம்.

உதவுகிற மந்திரம் ஒன்று உண்டு: ‘உண்மை வலயம்’. மூன்றாம் படிநிலைப் பூசாரிக்கு எட்டும். 15 அடி ஆரம், 10 நிமிடம். கவர்ச்சிச் சோதனையில் தோற்றவர் உள்ளே நின்று தெரிந்தே பொய் சொல்ல முடியாது, ஆனால் பதில் சொல்லாமல் இருக்கலாம், சுற்றி வளைக்கலாம். யார் தோற்றார் என்பது மந்திரம் போட்டவருக்குத் தெரியும். நாலாம் வரிக்கு, வயல் இழந்தவர்கள் முன்னால் அரசி நிற்கும் காட்சிக்கு, இதைவிடப் பொருத்தமான கருவி தொகுப்பில் இல்லை.

மேசையில் உட்காரும் முன் ஒரு பேச்சு அவசியம். வேறு ஊர்களில் இரக்கமற்ற நாயகி என்பது கற்பனைச் சுவை. இங்கே மேசையைச் சுற்றி இருப்பவர் ஒருவரின் வீட்டில் 2009 க்குப் பிறகு திரும்பி வராதவர் இருக்கலாம். ‘தேவைக்காகச் செய்தது’ என்ற சொல் அவர் காதில் விளையாட்டாக விழாது. எறிகணை, பிள்ளைகளைப் படைக்குப் பிடித்தல், கடலுக்கும் களப்புக்கும் நடுவே சனம் அடைபடுதல் போன்றவற்றில் எவை காட்சியில் வரவே கூடாது, எவை சொல்லாமல் கடந்து போகலாம் என்று ஒவ்வொருவரும் துண்டில் பெயரில்லாமல் எழுதி நடத்துநரிடம் கொடுக்கட்டும். காரணம் கேட்கக் கூடாது. இடையில் யாராவது கையை மேசையில் விரித்து வைத்தால் காட்சியை அங்கேயே நிறுத்துங்கள். தொகுப்பில் இதற்கு ஒரு வரியும் இல்லை, அது இதன் பெரிய குறை.

கேள்விக்கு எங்கள் பதில்: கட்டை வெட்டியதால் அரசி வில்லி ஆகவில்லை. தன் களஞ்சியத்தைத் திறந்து, விதைநெல் கொடுத்து, கமக்காரர் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து ஏச்சு வாங்குபவள் மறம் 5 உள்ள நாயகி. அதே வெள்ளத்துக்குப் பிறகு ஆள் அனுப்பி, விதைநெல்லை வட்டிக்குக் கொடுப்பவள் வில்லி. ஆகையால் முதல் நாள் ஒன்பது கட்டத்தையும் வெறுமையாக விடுங்கள். இரண்டாம் நாள் ஆட்டத்தைக் கூட்டத்தோடு தொடங்குங்கள், வயல் இழந்தவர்களாக மற்ற விளையாடுபவர்களே பேசட்டும். கட்டத்தை அதன் பிறகு பென்சிலால் நிரப்பலாம்.