படகு கேபினுக்கு ஏசி போடுகிறவர்களே, அது எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்று முதலில் பாருங்கள்

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் யாராவது இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்கு ஏசி போட நினைத்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் எங்கள் படகில் நடந்த தப்பான வேலையால் என் சித்தப்பாவும் படகில் வேலை பார்க்கும் இரண்டு பையன்களும் கடலிலேயே போயிருப்பார்கள். பணம் போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது அக்கரைப்பேட்டையில் நிறுத்தும் விசைப்படகு. அப்பா பெயரில் இருக்கிறது, சித்தப்பா ஓட்டுகிறார், கணக்கு வழக்கு நான் பார்க்கிறேன். ஒரு தடவை போனால் ஏழெட்டு நாள் கடலில்தான். கேபின் எட்டடிக்கு ஏழடி, நிமிர்ந்து நின்றால் தலை தட்டும். அதற்கு நேர் கீழே எஞ்சின். மேலே வெயில், கீழே எஞ்சின் சூடு, நடுவில் ஒரு பலகைக் கட்டில். சித்தப்பாவுக்கு 57 வயது. தூக்கம் இல்லாமல் கண் சிவந்து கரைக்கு வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏசி போடலாம் என்று நானே அப்பாவிடம் பிடிவாதம் பிடித்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போதே வேலை முடிய வேண்டும், ஏனென்றால் படகு ஏசியைக் குளிரவைக்கும் கடல் தண்ணீர் உள்ளே வருவதற்கு படகின் அடியில் துளை போட வேண்டும். வீட்டு ஸ்பிளிட் ஏசியையே மாட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். அதன் வெளி யூனிட்டில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று சீக்கிரமே பொடியாக்கிவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அது வேண்டாம் என்றோம். கடல் தண்ணீரால் குளிரவைக்கும் ஒரு டன் ஏசி, அதாவது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றுவது, பொருளும் வேலையும் சேர்த்து 2,80,000 ரூபாய் என்று வெளியூர்க்காரர் ஒருவர் பேசினார். "படகு வேலை நிறைய பண்ணியிருக்கேன்க்கா, கவலையே படாதீங்க" என்றார். செய்து கொடுத்த ஒரு படகைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2 லட்சம் முன்பணம் கொடுத்தேன். ரசீது என்று கையில் வந்தது ஒரு துண்டுச் சீட்டு.

மே கடைசியில் முடிப்பதாகச் சொன்னவர் ஜூன் 12 சாயங்காலம் முடித்தார். பத்து நிமிஷம் ஓட விட்டுக் காட்டினார், ஜில்லென்று வந்தது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தடை முடிந்து தொழிலுக்குப் போகிற அவசரம், ஐஸும் டீசலும் ஏற்றுகிற வேலை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாளே ஏசி நின்று நின்று ஓடியது, கட்டிலுக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. மூன்றாம் நாள் இரவு கதவையும் கண்ணாடியையும் அடைத்துவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, ஜெனரேட்டரும் ஓட, மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். நடு இரவில் சித்தப்பாவுக்கு மண்டை பிளக்கிற மாதிரி வலி, வாந்தி. ஒரு பையனை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. முப்பது வருஷம் கடலில் கிடந்தவருக்குக் கடல் கிறுக்கம் எப்படி வரும்? அந்த ஒரு சந்தேகம்தான் மூன்று உயிரையும் காப்பாற்றியது. கதவை உதைத்துத் திறந்து, பையன்களை இழுத்துத் தளத்தில் போட்டிருக்கிறார். வெளியே நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று பட்டு அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராகத் தெளிந்தார்கள். மடிவலையைச் சுருட்டிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுதான் காரணமாக இருக்கும் என்றார்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் புகையைவிட டீசல் புகையில் குறைவுதான், ஆனால் அடைத்த கேபினுக்கு அதுவே போதும்.

எங்கள் அத்தான் கொச்சியில் படகு கட்டும் யார்டில் வேலை பார்க்கிறார். லீவு போட்டு வந்து கட்டில் பலகையைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

யூனிட்டை கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள், அது சரியான இடம்தான். ஆனால் அந்தப் பெட்டியின் பின்பலகையில் குழாய் விடுவதற்கு வெட்டிய துளையை அடைக்கவே இல்லை. அந்தப் பக்கம் எஞ்சின் அறை. கேபினிலிருந்து காற்று திரும்பி வருவதற்கு வைத்த ஜன்னலோ உள்ளங்கை அகலம்தான். ஏசிக்குக் காற்று வேண்டும், சுலபமாகக் கிடைக்கிற இடத்திலிருந்து இழுக்கும். எஞ்சின் அறைக் காற்றை இழுத்து, குளிரவைத்து, தூங்குகிறவர்கள் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் புகைக்குழாய் இணைப்பில் லேசான கசிவு இருந்திருக்கிறது. அது எங்கள் பராமரிப்புக் குறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்பலகையை அடைத்திருந்தால் அந்தப் புகை இவ்வளவு நேராகக் கேபினுக்குள் வந்திருக்காது. சொட்டுத் தண்ணீர்க் குழாயையும் வெளியே விடாமல், படகின் அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கும் இடத்தில் திறந்து விட்டிருந்தார்கள். அடுப்பு சிலிண்டர் கசிந்தால் அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், அங்கேதான் போய்த் தங்கும். அத்தான் இதைச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் காற்றுக் குழாய். 12,000 பிடியு யூனிட்டுக்கு ஆறு அங்குலக் குழாய் வேண்டும். இவர் போட்டது சமையலறைப் புகைபோக்கிக்கு மாட்டுகிற நாலு அங்குல அலுமினியச் சுருள் குழாய். ஆறுக்கும் நாலுக்கும் இரண்டே அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் ஆறு அங்குலத்துக்கு 28 சதுர அங்குலம், நாலுக்குப் பன்னிரண்டரைதான், பாதிகூட இல்லை. அதிலும் மிச்சக் குழாயை வெட்டாமல் பாம்பு மாதிரி மடித்துத் திணித்து, மேலே உறை எதுவும் சுற்றாமல், எஞ்சின் பக்கமாகவே கொண்டு போயிருந்தார். காற்று போக வழியில்லாமல் ஏசிக்குள் குளிரவைக்கும் சுருளில் ஐஸ் கட்டியிருக்கிறது, குழாய் வெளியே வியர்த்துச் சொட்டியிருக்கிறது.

கடல் தண்ணீர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைத்திருந்தார். அந்த வகைப் பம்பு தானாகத் தண்ணீரை உறிஞ்சாது. கீழே இருக்க வேண்டும், அங்கிருந்து குழாய் எங்கும் இறங்கி ஏறாமல் மேல்நோக்கியே போக வேண்டும். இல்லையென்றால் இடையில் காற்று நின்று தண்ணீர் ஓடாது, யூனிட் சூடாகி நின்றுவிடும். வடிகட்டி என்று ஒன்று இல்லவே இல்லை. கடுவையாற்று முகத்தில் வரும் சேறும் கடலில் வரும் சொறியும் (ஜெல்லி மீன்) எத்தனை நாள் அந்தப் பம்பை ஓட விடும்?

அவருக்குப் போன் செய்தேன். "கடலுக்குள்ள நடந்ததுக்கு நான் எப்படிக்கா பொறுப்பு? உங்க ஜெனரேட்டர்தானே ஒழுகுது" என்றார். அடுத்த நாளிலிருந்து போனை எடுக்கவில்லை. பெட்டியில் வந்த யூனிட்டின் வாரண்டி அட்டையைக்கூட அவர் கொடுக்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன்.

படகை மறுபடி கரையேற்றி எல்லாவற்றையும் பிரித்துப் போட 65,000 ரூபாய் ஆனது. 61 நாள் சும்மா இருந்துவிட்டு, தொழில் நடக்கிற நேரத்தில் இருபது நாள் போனது தனி நஷ்டம். அந்த நஷ்டத்தில் படகில் போகிறவர்களின் எட்டு வீட்டுப் பங்கும் இருக்கிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். படகு வியாபாரத்துக்கானது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பில் சொல்லிப் பார்ப்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். நல்லவேளை, பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தேன், பிரிக்கும்போது அத்தான் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார். கையில் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான்.

இப்போது பின்பலகையை முழுக்க அடைத்து, கேபின் பக்கம் காற்று திரும்பி வரப் பெரிய ஜன்னல் வைத்தாகிவிட்டது. சித்தப்பா தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன். மாட்டின பிறகும் முதல் நாலு தடவை கதவைத் திறந்து வைத்துத்தான் படுத்தார். "பாப்பா, பயம் போகலடா" என்றார். அந்த நாலு அங்குலக் குழாயும் ஓட்டைப் பலகையும் எங்கள் வலைக்கொட்டகையில்தான் கிடக்கின்றன. ஏசி போட நினைத்திருப்பவர்கள் அக்கரைப்பேட்டைக்கு வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.