மூடி முடித்த கிட் விமான இறக்கை வாங்குவோர் கவனத்துக்கு: உள்பக்க ரிவெட்டைக் கண்ணால் பாருங்கள்

அமெரிக்காவில் ஆர்வி-7 போன்ற, பாகங்களாக வாங்கி வீட்டிலேயே ரிவெட் என்ற இணைப்பாணிகளால் கட்டும் அலுமினியக் கிட் விமானங்களைப் பலர் பாதியில் விட்டுவிட்டு விற்கிறார்கள். அப்படி ஒருவர் விற்ற ஒரு ஜோடி இறக்கைகளை வாங்கி நான் ஏமாற்றப்பட்டேன். வேறு யாரும் இதில் விழக்கூடாது என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

"விமான மெக்கானிக் ஒருவரின் மேற்பார்வையில் ரிவெட் அடித்தது, இனி எரிபொருள் குழாய் இணைப்பதுதான் பாக்கி" என்றார் விற்றவர். உள்பக்கப் படங்களைக் கேட்டபோது தயங்காமல் அனுப்பினார். பச்சை ப்ரைமர் (அரிப்புத் தடுப்புப் பூச்சு) பூசிய ரிப்புகள் எனும் இறக்கையின் உள்சட்டங்கள், ஒரே அளவில் வரிசையாக நின்ற ரிவெட் தலைகள். இறக்கைகள் வந்து சேர்ந்தபின் கீழ்த்தகட்டில் உள்ள பரிசோதனைத் திறப்பு வழியாக போரஸ்கோப் கேமராவை விட்டேன். உள்ளே பச்சை ப்ரைமரே இல்லை, வெறும் அலுமினியம். அனுப்பியவை வேறு யாருடைய இறக்கையின் படங்களோ!

ரிவெட்டின் வெளித்தலை தொழிற்சாலையிலேயே உருவாகி வருவது. யார் அடித்தாலும் அது பெரும்பாலும் ஒழுங்காகவே தெரியும். அடித்தவரின் கைவேலை தெரிவது மறுபக்கத்தில், பின்னால் தாங்கிப் பிடிக்கும் பக்கிங் பார் எனும் இரும்புக் கட்டையின் மீது நசுங்கிப் பரவும் உள்தலையில்தான். தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம், அரை மடங்கு உயரம் என்பது அதற்கான கணக்கு. இறக்கைத் தகடுகளில் அதிகம் வரும் 3/32 அங்குல ரிவெட்டுக்கு 9/64 அங்குல அகலமும் 3/64 அங்குல உயரமும் வரவேண்டும். கீழ்த்தகட்டையும் அடித்து மூடிவிட்டால் இந்தத் தலைகளில் பலவற்றை எளிதில் பார்க்க முடியாது. விற்பவருக்கு அது எவ்வளவு வசதி என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கேமராவில் கண்டதைச் சொல்கிறேன். சில தலைகள் ஒருபக்கமாக மடிந்து கிடந்தன. ரிவெட் அளவுக்கு மீறி நீளமாக இருந்தாலோ, பக்கிங் பார் சாய்ந்து பிடிக்கப்பட்டாலோ இப்படி ஆகும். வேறு சில அரைகுறையாக நசுங்கி நின்றன. என்னை மிகவும் கலங்கவைத்தது தகட்டுக்கும் ரிப்பின் விளிம்புக்கும் நடுவே தெரிந்த இடைவெளி. இரண்டையும் கிளீக்கோ எனும் தற்காலிகப் பிடிப்பானால் இறுகப் பிடிக்காமல் அடித்ததில், ரிவெட்டின் தண்டு அந்த இடைவெளிக்குள்ளேயே பிதுங்கிப் பரவியிருந்தது. கை எட்டாத மூலைகளில், வரைபடம் திட ரிவெட் கேட்கும் இடத்தில், வன்பொருள் கடையில் கிடைக்கும், ஒரே பக்கத்திலிருந்து இழுத்து அடிக்கும் சாதாரண பாப் ரிவெட். பாப் ரிவெட்டே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆர்வி-12 பெரும்பாலும் இழுத்து அடிக்கும் ரிவெட்டால் கட்டப்படுவதுதான், ஆனால் அது அதற்கென்றே கணக்கிட்டு வடிவமைத்த விமானம்.

விமானத் தகட்டு வேலையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து பார்த்தார். 40-ஆம் எண் ட்ரில்லால் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, பஞ்ச் எனும் சிறு கம்பியை நுழைத்துச் சாய்த்தார். தலை மட்டும் கழன்று வந்தது. பிறகு தண்டைத் தட்டி எடுத்துவிட்டு, துளையை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். விளிம்பு பிளேடு போலக் கூர்மையாக இருந்தது. தகட்டோடு சமமாக உட்கார வேண்டிய இந்த 3/32 அங்குல ரிவெட்டின் சரிவுத் தலை சுமார் 0.036 அங்குல ஆழம். தகடோ 0.032 அங்குலம்தான். இவ்வளவு மெல்லிய தகட்டை வெட்டிக் குழிக்கக்கூடாது, டை (அச்சு) வைத்து அழுத்தி, தகட்டையும் ரிப்பையும் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்படி குழிக்க வேண்டும். இறக்கையைக் கட்டியவர் அந்த வேலைக்குச் சோம்பி, சரிவாகக் குழி வெட்டும் கவுண்டர்சிங்க் கட்டரால் சீவித் தள்ளியிருக்கிறார். துளை அகன்று, பிடிப்பதற்கு உலோகமே மிஞ்சவில்லை. பறக்கும்போது மாறி மாறி வரும் சுமையில் இப்படிப்பட்ட ரிவெட் தளர்ந்து, உராய்ந்த அலுமினியம் கரும்பொடியாக வெளியே ஒழுகும். வெளியில் அந்தக் கறை தெரியும்போது உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஒன்றிரண்டு ரிவெட் கோணலாக இருந்ததற்காக நான் இவ்வளவு பேசவில்லை. அளவில் சற்றுக் குறைந்த ரிவெட்டைத் துளைத்து எடுப்பதைவிட அப்படியே விடுவது நல்லது என்பதைக் கட்டுபவர்கள் அறிவார்கள், எடுக்கும்போது துளைதான் கெடும். இங்கே பல ரிப்புகளில் வரிசை முழுவதும் கெட்டிருக்கிறது. இறக்கையின் முதுகெலும்பான பிரதான ஸ்பார் தொழிற்சாலையிலேயே ரிவெட் அடித்து வருவதால் அது தப்பியது. தகடுகளும் பல ரிப்புகளும் புதிதாக வாங்க வேண்டும்.

விற்றவரிடம் கேட்டேன். "இருக்கும் நிலையில் விற்றேன், ரசீதில் எழுதியிருக்கிறது" என்றார். படங்களைப் பற்றிக் கேட்டதும் பதிலே நின்றுவிட்டது. இறுதியில் சான்று தர வரும் ஆய்வாளர் ரிவெட் ரிவெட்டாகப் பார்க்கமாட்டார், மூடிய இறக்கையைப் பிரிக்கவும் மாட்டார். எனவே வாங்கும் முன்பே பார்த்தாக வேண்டும். ஈஏஏ எனும், சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கான அமெரிக்கச் சங்கத்தின் உறுப்பினராக இருந்தால் அதன் தொழில்நுட்ப ஆலோசகர்கள் கட்டணம் வாங்காமல் வந்து பார்ப்பார்கள். தொலைவில் இருந்தால் பொருள் இருக்கும் ஊருக்கு அருகிலுள்ள ஈஏஏ கிளையைக் கேளுங்கள். கீழ்த்தகடு மூடாத இறக்கையாக இருந்தால் இன்னும் நல்லது, விலை சற்றுக் கூடினாலும் கொடுக்கலாம்.

அதே ஆள் இப்போது ஒரு வால்பகுதியை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். விளம்பரத்தில் இருப்பவை வெளிப்பக்கப் படங்கள் மட்டுமே. உள்பக்கம் கேட்டால் பச்சை ப்ரைமர் பூசிய படங்கள் வரக்கூடும். அப்படி வந்தால் நேரலை வீடியோவில் கேமராவை உள்ளே விட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு மறுத்தால் முன்பணம்கூட அனுப்ப வேண்டாம்.