வேறு மாநிலத்திலிருந்து மோட்டார்ஹோம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவரிடம் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்கி ஏமாந்த அனுபவத்தை எழுதுகிறேன். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அவர் எதையெல்லாம் எப்படி மறைத்தார் என்பதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

காணொளி அழைப்பில் வண்டி பளபளத்தது. ஒழுகல் உண்டா என்று கேட்டேன். கூரை முழுவதற்கும் அண்மையில்தான் புதிய சீலன்ட் (ஒழுகல் அடைக்கும் பூச்சு) பூசியதாகப் பெருமையுடன் சொன்னார்; ஒழுகல் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வண்டி வந்து சேர்ந்த பிறகு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருக்கும் படுக்கையின் மெத்தையைத் தூக்கி மூலையை அழுத்தியபோது, புதிதாக ஒட்டியிருந்த சுவர்த்தாளோடு கட்டைவிரல் உள்ளே இறங்கியது. பின்னாலிருந்த பிளைவுட் ஊறிக் கறுத்து, இழை இழையாகப் பிரிந்து வந்தது. வெளியே ஃபைபர்கிளாஸ் சுவரும் அதே இடத்தில் உப்பியிருந்தது. தண்ணீர் புகுந்து பசை விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும். பக்கவாட்டில் நின்று சுவரோடு ஒட்டிப் பார்த்தால் தெரியும் இந்த வீக்கம், நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் தெரியாது.

டயர்களில் பட்டன் தேயவே இல்லை என்று நெருக்கத்தில் காட்டினார். ஆனால் இத்தகைய வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், டயர் தேய்வதற்கு முன்பே வெயிலிலும் வயதிலும் வெடிப்பு விட்டுக் கெட்டுவிடும். டயரின் பக்கச்சுவரில் DOT (டாட்) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கேமராவை அங்கே மட்டும் அவர் கொண்டுபோகவில்லை.

இவற்றையெல்லாம் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். காகித விவகாரம்தான் மோசமானது. டைட்டில் (வண்டியின் உரிமைச் சான்றிதழ்) தபாலில் வருகிறது என்றவர், வண்டியின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருப்பதைச் சொல்லவில்லை. கடன் அடைந்து வங்கி விடுவிப்புக் கடிதம் தராத வரை, முழுப் பணம் கொடுத்தவர் பெயருக்கும் உரிமை வில்லங்கமின்றி மாறாது. வழக்குத் தொடரலாம் என்றால், இத்தகைய சிறு வழக்குகளைப் பெரும்பாலும் விற்றவர் வசிக்கும் ஊரில்தான் போட வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, விற்பனை ரசீதில் ‘இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது’ என்ற வரியும் இருந்தது. தொலைவு அவருக்குத்தான் சாதகம்.

ஆகவே, வண்டி நிற்கும் ஊரிலேயே விற்பவருக்குத் தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவரை அமர்த்தி, கூரைமேல் ஏறவும் ஈரமானி வைத்துச் சுவர்களைச் சோதிக்கவும் சொல்லுங்கள். எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு குறிகள் கொண்ட வின் (VIN) எனும் வண்டி அடையாள எண் வண்டியிலும் டைட்டிலிலும் ஒன்றாக இருக்கிறதா, டைட்டிலில் இருப்பது விற்பவரின் பெயர்தானா என்றும் அந்த ஆய்வாளரே பார்க்கட்டும். கடன் இருந்தால், பணத்தை விற்பவரிடம் தராமல் வங்கியிலேயே செலுத்த முடியுமா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். இதே வண்டிக்காக எனக்கு முன் விசாரித்த ஒருவர் அப்படிக் கேட்டாராம்; அதன்பின் விற்பவர் அவருடைய அழைப்பை எடுக்கவே இல்லை.