குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: ரெடிமேடா, அசெம்பிளா?

தம்பிக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் ரெடிமேட் கேமிங் பிசி, எனக்கு நானே அசெம்பிள் செய்த ஒன்று. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. இரண்டிலும் நன்றாக விளையாடிப் பார்த்த பிறகு சொல்கிறேன், எது மலிவு என்று மட்டும் கேட்டால் பதில் மாதத்துக்கு மாதம் மாறும். போட்ட பணம் எந்தப் பாகத்துக்குப் போனது, இரண்டு வருடம் கழித்து எதைக் கழற்றி மாற்ற முடியும், இதைக் கேளுங்கள். ரெடிமேட் அடி வாங்குவது அங்கேதான்.

தம்பி பிசியில் ஐ5 12400எஃப், 6 கோர், 12 த்ரெட், இந்த பட்ஜெட்டுக்குக் குறை சொல்ல முடியாத பிராசசர். பெட்டியின் மேல் கிராபிக்ஸ் கார்டின் பெயரைப் பெரிதாக "ஆர்டிஎக்ஸ் 3050" என்று போட்டிருந்தது. ஆனால் அந்தப் பெயரில் 2022இல் வந்த 8 ஜிபி கார்டும் உண்டு, 2024இல் வந்த 6 ஜிபி கார்டும் உண்டு. 6 ஜிபி கார்டில் குறைந்தது மெமரி மட்டுமில்லை, கோர்கள் 2560இலிருந்து 2304 ஆகவும் மெமரிக்குத் தகவல் போய்வரும் பாதையான மெமரி பஸ் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் இறங்கிவிட்டன. உள்ளே இருந்தது அதுதான். அது 70 வாட்டுக்குள் ஓடிவிடும், தனி பவர் கேபிளே வேண்டாம், அதனால் சின்ன பவர் சப்ளை வைக்கும் நிறுவனங்களுக்கு ரொம்ப வசதி.

சரி, பிறகு நல்ல கார்டாக மாற்றிக்கொள்ளலாமே என்று கேஸைத் திறந்தால், பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குப் போக ஒரு 8 பின் கேபிள்கூட இல்லை. பவர் சப்ளையை மாற்றலாம் என்றால் மதர்போர்டில் வழக்கமான 24 பின் கனெக்டரே கிடையாது, அந்த நிறுவனம் தனக்கென்று செய்துகொண்ட வேறொன்று. போர்டை மாற்றலாம் என்றால் அந்தக் கேஸில் சாதாரண போர்டு உட்காராது. ஆக, ஒரு கார்டை மாற்ற இன்னும் மூன்று பாகம் வாங்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இதைப் பார்த்துத்தான். வாங்குபவர்களில் பலர் முதல் முறையாக பிசி வாங்கும் பிள்ளைகள், இது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ரேம் 16 ஜிபி, அதுவும் ஒரே ஸ்டிக், அதாவது சிங்கிள் சேனல், பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே ஒரே வழிதான். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கூட்டமான காட்சிகளில் திடீர் திடீரென்று சிக்கிச் சிக்கி நகரும். இன்னொரு ஸ்டிக் போட்டதும் பெருமளவு சரியாகிவிட்டது.

நான் அசெம்பிள் செய்தது ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, பி550 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு ஸ்டிக், பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் பவர் சப்ளை. 1080பி திரையில் ஆர்எக்ஸ் 6600, 3050-ன் 8 ஜிபி கார்டையே தெளிவாக முந்தும், 6 ஜிபி கிட்டவே வராது. குறைந்த தெளிவில் வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி எஃப்பிஎஸ் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது, ஒளியையும் நிழலையும் நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கில் பலவீனம், இரண்டும் உண்மை, ஆனால் இந்த விலைக் கார்டில் ரே டிரேசிங் போட்டு விளையாடப் போவது யார்? பிராசசர் உட்காரும் ஏஎம்4 பழைய சாக்கெட்தான், ரேமும் பழைய டிடிஆர்4-தான். இருந்தாலும் அதே போர்டில் 5700எக்ஸ்3டி போன்ற பிராசசரை பிறகு உட்கார வைக்கலாம், அப்போதும் போர்டையோ ரேமையோ மாற்ற வேண்டியதில்லை.

அசெம்பிள் செய்வது பலர் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. 5600-உடன் வரும் கூலரில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும். இந்த பிராசசரில் பின்கள் அதன் அடியிலேயே இருப்பதால் அழுத்தாமல் வைக்க வேண்டும், தானாக உட்காரும். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் ரேமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் வசதியை, ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். பொறுமையைச் சோதிப்பது பவர் பட்டனின் குட்டி ஒயர்கள் மட்டும்தான், மதர்போர்டு கையேட்டில் படமே இருக்கிறது.

ரெடிமேடுக்கும் நியாயமான பலம் உண்டு. மொத்தத்துக்கும் ஒரே வாரண்டி, விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் உள்ளேயே வரும், பழுதானால் எந்தப் பாகம் போச்சு என்று நீங்கள் தேட வேண்டாம். சொந்தமாக அசெம்பிள் செய்தது ஒருநாள் ஆன் ஆகவில்லை என்றால், மாற்றிப் போட்டுப் பார்க்க வேறு ரேமோ பவர் சப்ளையோ கையில் இல்லாமல் தவித்துப் போவீர்கள். சந்தை தாறுமாறாகும் காலத்தில் கணக்கே தலைகீழாகிவிடும். 2021இல் கிரிப்டோ மைனிங்கால் கார்டு கிடைக்காமல் விலை எகிறியபோது ரெடிமேட் வாங்கியவர்கள் பலர் லாபம் பார்த்தார்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களால் ரேம் விலை ஏறியபோதும் அதே நிலைமைதான். அதனால் வாங்கும் வாரத்தில் பாகங்களின் விலையைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

அசெம்பிள் செய்ய மனமில்லை என்றால், சாதாரண பாகங்களை வைத்துக் கட்டித் தரும் கடையில் வாங்குங்கள். பவர் சப்ளை என்ன மாடல், ரேம் எத்தனை ஸ்டிக், கார்டில் எத்தனை ஜிபி, போர்டின் முழுப் பெயர் என்ன, இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் வாங்காதீர்கள். பவர் சப்ளையில் "80 ப்ளஸ்" என்று காட்டினால் மட்டும் திருப்தியாகிவிடாதீர்கள், அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான தரம், பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை.

அசெம்பிள்தான் என்று முடிவு செய்துவிட்டால், மாதம் ஒரு பாகம் என்று வாங்கிச் சேர்க்காதீர்கள். கடைசிப் பாகம் வந்து முதல் முறை ஆன் செய்யும்போது முதலில் வாங்கியது பழுது என்று தெரிந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருக்கும். பணத்தைச் சேர்த்து வைத்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள், அன்றே பூட்டி ஒரு கனமான கேமை ஓட விட்டுப் பாருங்கள்.