ஒன்பது வருடம் என் உள்பையில் இருந்த ரிஃப்ராக்டோமீட்டர்

சூரமங்கலத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி விமானப் பராமரிப்புப் படிப்பை முடித்துவிட்டு, குளிர் நாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். "அண்ணா, கிளைகால் பார்க்க உங்களுடையதைப் போலவே ஒன்று வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டான். அவன் கேட்டது என் ரிஃப்ராக்டோமீட்டரைப் பற்றி: விமானத்தின் மேல் தெளிக்கிற கிளைகால்-தண்ணீர்க் கலவை எந்தக் குளிரில் உறையும் என்று காட்டும் கைக்கருவி. கனடாவில் டீ-ஐசிங், அதாவது விமானத்திலிருந்து பனியை நீக்கும் வேலையில் இருந்த ஒன்பது வருடமும் அது என்னோடு இருந்தது.

பேட்டரி கிடையாது, அதுவே பெரிய நிம்மதி. கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, காற்றுக் குமிழ் சிக்காமல் மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்க்கத் திருப்பினால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேருகிற கோடு கலவை உறையும் வெப்பநிலையைக் காட்டும். எத்திலீன் கிளைகாலுக்கும் புரோப்பிலீன் கிளைகாலுக்கும் அளவுகோல் வேறு வேறு, அதை மட்டும் மாற்றிப் படித்துவிடக் கூடாது. பனியை நீக்கச் சூடாகத் தெளிக்கிற டைப் 1 திரவமென்றால் வெளியே மைனஸ் 8 இருக்கும்போது கோடு மைனஸ் 18-க்காவது இறங்கியிருக்க வேண்டும். அந்த 10 டிகிரிதான் நமக்குக் காப்பு.

"தெளிக்கிற லாரியிலேயே கலவையின் அளவு வைத்தாயிற்றே, அப்புறம் எதற்கு?" என்பார்கள். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் போடோமாக் ஆற்றில் ஏர் ஃபுளோரிடா விமானம் விழுந்து 78 பேர் இறந்தார்கள். என்ஜினில் பனி பிடிக்காமல் காக்கும் ஆன்டி-ஐஸைப் போடாதது, இறக்கையில் பனியோடு கிளம்பியது என்று காரணங்கள் பல. ஆனால் விசாரணையில் இதுவும் தெரிந்தது: 30 சதவீதம் கிளைகால் என்று வைத்த கலவை, தெளிக்கும் குழாயின் நாசில் மாறியிருந்ததால் 18 சதவீதமாகத்தான் வந்தது. இரண்டு சொட்டு போதும், அதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

என் கோபமெல்லாம் கருவி வந்த பெட்டியின் மேல்தான். 'வெப்பநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே தாளில் பொடி எழுத்தில் '10 முதல் 30 டிகிரி வரை' என்கிறார்கள். ஏற்காட்டு மார்கழிக்கு வேண்டுமானால் அது சரி. விமானங்கள் நிற்கிற, பனி கொட்டுகிற ரேம்ப்பில் என்ன செய்வது? மைனஸ் 15-இல் ஒரே வாளித் திரவத்துக்குக் கோடு மூன்று இடத்தில் நின்றது. ஒரு மூத்த மெக்கானிக்தான் வழி சொன்னார்: கருவியை ஜாக்கெட் உள்பையில் நெஞ்சோடு வைத்துக்கொள், சூடாக வருகிற திரவத்தை ஆறவிட்டு அப்புறம் பார்.

போன மாதம் மூடியின் கீல் ஊசி உடைந்தது. கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர், வார்ப்பட்டைக் கம்பி ஒன்றை அளவாக வெட்டிச் செருகிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கோடு பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. மனசு நிறைந்துபோனது.

இருந்தும் தம்பியிடம் இதை வாங்காதே என்றுதான் சொன்னேன். விலை கூடினாலும் பரவாயில்லை, மைனஸிலும் சரியாகக் காட்டும் என்று தாளில் எழுதித் தருகிறதை வாங்கு என்றேன். அந்த மெக்கானிக் சொல்வதற்கு முன் மூன்று வாரம் நான் பெட்டியை நம்பித்தான் அளந்தேன். கம்பெனியின் சோதனை தனியாக நடந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் என் கையெழுத்தோடு கிளம்பிய விமானங்கள் இன்னமும் ராத்திரியில் நினைவுக்கு வருகின்றன.